உங்களுக்குத் தெரியுமா? வலக்கை முடங்கிய பிறகும் 55 ஆண்டுகள் இசையோடு வாழ்ந்த லியான் ஃப்ளைஷர்

பியானோவில் 88 கட்டைகள். அவற்றை ஆள மனிதனுக்குப் பத்து விரல்களே போதவில்லை என்பார்கள். புகழின் உச்சியில் நின்றபோது ஒரு கையை இழந்து, மிஞ்சிய கையாலும் வாய்ச்சொல்லாலும் இன்னொரு இசை வாழ்க்கையைக் கட்டி எழுப்பியவர் அமெரிக்கப் பியானோ மேதை லியான் ஃப்ளைஷர் (1928–2020). வாசிப்பவராக உலகம் சுற்றியவர். ஆசிரியராக மூன்று தலைமுறைகளை உருவாக்கியவர். அவரைப் பற்றிய தகவல்கள் இதோ.

★ தொப்பிக் கடைக்காரர் மகன்
1928 ஜூலை 23 அன்று சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தார். பெற்றோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூதர்கள். அப்பா பெண்களுக்கான தொப்பி செய்து விற்றவர். வசதி குறைவு, ஆனால் அம்மாவின் கனவு பெரிது. மகன் ஒன்று அமெரிக்க ஜனாதிபதி ஆக வேண்டும், இல்லையென்றால் பெரிய பியானோ கலைஞர் ஆக வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்.

★ பாடம் அண்ணனுக்கு, பிடித்தது தம்பிக்கு
வீட்டுக்கு வந்த ஆசிரியர் முதலில் பாடம் சொல்லித் தந்தது அண்ணனுக்குத்தான். ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த சின்னவன், பாடம் முடிந்து அண்ணன் விளையாட ஓடியதும் பியானோவின் முன் ஏறி உட்கார்ந்து, கேட்டதை அப்படியே வாசித்துக் காட்டுவான். சீக்கிரமே பாடம் தம்பிக்கு மாறியது. அப்போது அவனுக்கு நான்கு வயது. எட்டு வயதிலேயே மேடை ஏறிவிட்டான்.

★ பின்வாசல் வழியே குருகுலம்
பீத்தோவன் இசைக்கு அன்று உலகின் பெரிய ஆசான் என மதிக்கப்பட்டவர் ஆர்ட்டூர் ஷ்னாபெல். சிறு பிள்ளைகளுக்குக் கற்றுத் தருவதில்லை என்பது அவர் விதி. சான்பிரான்சிஸ்கோவின் இசை நடத்துநர் ஆல்ஃபிரெட் ஹெர்ட்ஸ் ஒரு வழி செய்தார். ஷ்னாபெலை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் சிறுவனை வேறு வழியாக உள்ளே கொண்டுவந்து பியானோ முன் உட்கார வைத்துவிட்டார். விருந்து முடிந்து கூடத்துக்கு வந்த ஷ்னாபெல் கேட்காமல் தப்ப முடியவில்லை. கேட்ட பிறகு, மறுக்கவும் முடியவில்லை.

★ சேர்த்துக்கொள்கிறேன், ஆனால் கச்சேரி கூடாது
ஷ்னாபெல் வைத்த ஒரே நிபந்தனை இது. குழந்தை மேதை என்று ஊர் ஊராக மேடை ஏற்றினால் பிள்ளையின் இசை பழுக்காமலே வெம்பிப்போகும் என்று அவர் நம்பினார். பிள்ளையைப் பெரிய கலைஞனாக்கியே தீர வேண்டும் என்று துடித்த தாய் அதற்குச் சம்மதித்தார். இந்தக் காத்திருப்புதான் பின்னாளில் ஃப்ளைஷரின் வாசிப்பில் தெரிந்த முதிர்ச்சிக்கு அடித்தளம்.

★ ஒன்பது வயதில் ஏரிக்கரைக்கு
1938இல் சிறுவன் ஃப்ளைஷர் அம்மாவோடு அட்லாண்டிக்கைக் கடந்து இத்தாலி போனான். கோமோ ஏரிக்கரையில் உள்ள ட்ரெமெட்ஸோ கிராமத்தில்தான் ஷ்னாபெல் கோடையில் பாடம் நடத்துவார். யூதரான அவர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இலேயே ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். ஐரோப்பாவில் போர் சூழ்ந்ததும் ஆசான் நியூயார்க் வந்தார். சீடனின் குடும்பமும் அங்கே குடியேறியது. பாடம் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் நீண்டது.

★ பீத்தோவனிலிருந்து ஐந்தாவது
குரு பரம்பரை நமக்கு மட்டும் உரியதல்ல. பீத்தோவனின் சீடர் செர்னி. செர்னியின் சீடர் லெஷெட்டிட்ஸ்கி. அவரிடம் படித்தவர் ஷ்னாபெல். ஷ்னாபெலின் சீடர் ஃப்ளைஷர். பீத்தோவனின் 'எம்பரர்' கான்செர்ட்டோவை (இசைக்குழுவோடு தனிக்கருவி வாசிக்கும் படைப்பு) வியன்னாவில் முதன்முதலாக 1812இல் மேடையில் வாசித்தவர் செர்னி. அதே உருப்படியை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஃப்ளைஷர் இசைத்தட்டில் பதிவு செய்தார்.

★ ஆசானின் அரிய சாதனை
பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் முதன்முதலில் முழுமையாக ஒலிப்பதிவு செய்தவர் ஷ்னாபெல்தான். 1932 முதல் 1935 வரை லண்டனின் அபே ரோடு ஸ்டூடியோவில் அந்தப் பணி நடந்தது. அங்கங்கே தப்பு ஸ்வரங்கள் கேட்கும். ஆனாலும் இன்றுவரை பியானோ மாணவர்கள் தேடிக் கேட்கும் பதிவு அது. விரல் சுத்தத்தைவிட இசையின் பொருள் பெரிது என்ற பாடத்தை ஃப்ளைஷர் கற்றது இந்த ஆசானிடம்தான்.

★ ஒருவருக்குப் பாடம், எல்லோருக்கும் கேள்வி
ஷ்னாபெல் தனித்தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு பாடம் எடுக்கவில்லை. ஒருவர் வாசிக்க, மற்ற மாணவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்க வேண்டும். தன் முறை வரும் நேரத்தில் மாணவன் வாசிப்பான்; மற்ற நேரமெல்லாம் காது வழியே கற்பான். இதனால் ஒரு உருப்படிக்குப் பதில் அரை டஜன் உருப்படிகளின் நுணுக்கம் கிடைத்துவிடும். ஃப்ளைஷர் ஆசிரியரான பிறகும் இந்த முறையைக் கைவிடவில்லை.

★ 16 வயதில் பிராம்ஸ்
1944இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு அவர் அரங்கேறினார். நடத்தியவர் பியர் மோன்டூ. எடுத்துக்கொண்ட உருப்படி பிராம்ஸின் முதல் பியானோ கான்செர்ட்டோ. முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீளும் கனமான படைப்பு. விரல் வேகத்தைக் காட்டிக் கைதட்டல் வாங்க இடம் தராதது. 16 வயதுப் பையன் அதைத் தேர்ந்ததே ஷ்னாபெல் பள்ளியின் முத்திரை. இந்த நூற்றாண்டின் பியானோ கண்டுபிடிப்பு இவன் என்று மோன்டூ பாராட்டினார்.

★ இனி நீயே நட
19 வயதில் ஃப்ளைஷருக்கு ஷ்னாபெல் விடை கொடுத்துவிட்டார். இனி உன் வழியை நீயே தேட வேண்டும் என்றார். ஃப்ளைஷர் நொறுங்கிப்போனார். ஆனால் நல்ல ஆசிரியரின் வேலை மாணவன் தன்னைத் தேடி வராத நாளை உருவாக்குவதுதான் என்று பின்னாளில் புரிந்துகொண்டார். தன் மாணவர்களையும் அப்படியே வளர்த்தார்.

★ பிரஸ்ஸல்ஸில் முதல் அமெரிக்கர்
பெல்ஜியத்தின் குயின் எலிசபெத் இசைப் போட்டி உலகின் கடினமான போட்டிகளில் ஒன்று. இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களை வெளியுலகத் தொடர்பு இல்லாமல் தங்க வைத்து, இதுவரை யாருமே வாசிக்காத புதிய படைப்பைக் கொடுத்து, யார் உதவியும் இன்றிக் கற்கச் சொல்வது அதன் வழக்கம். 1952இல் அங்கே முதல் பரிசு வென்றார் ஃப்ளைஷர். அந்தப் பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கர் அவர். ஐரோப்பிய மேடைகள் எல்லாம் அவருக்குத் திறந்தன.

★ இன்றும் அளவுகோலாக நிற்கும் பதிவுகள்
1950களின் இறுதியிலும் 60களின் தொடக்கத்திலும் ஜார்ஜ் செல் நடத்திய கிளீவ்லண்ட் இசைக்குழுவுடன் பீத்தோவனின் ஐந்து பியானோ கான்செர்ட்டோக்களையும் பிராம்ஸின் இரண்டையும் பதிவு செய்தார். செல் கண்டிப்புக்குப் பேர்போனவர். ஒரு ஸ்வரம் பிசகினாலும் விடமாட்டார். அந்தக் கண்டிப்பும் ஃப்ளைஷரின் துடிப்பும் சேர்ந்து பிறந்த இந்தப் பதிவுகளை அறுபது ஆண்டுகள் கழித்தும் ரசிகர்கள் முதல் வரிசையில் வைக்கிறார்கள்.

★ ஆசிரியப் பணி கடைசிப் புகலிடம் அல்ல
வாசிக்க முடியாமல் போனதால் ஆசிரியர் ஆனவர் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பால்டிமோர் நகரின் பீபாடி இசைக் கல்லூரியில் அவர் சேர்ந்தது 1959இல். அதாவது இரண்டு கைகளும் உச்சத்தில் இருந்தபோது. 1857இல் நிறுவப்பட்ட பழம்பெரும் கல்லூரி அது. அங்கே அறுபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தார். ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரியிலும், கனடாவின் டொராண்டோவிலும் அவருக்கு மாணவர்கள் இருந்தார்கள்.

★ மடங்கிய இரண்டு விரல்கள்
1964வாக்கில் வலக்கையில் சோர்வு தெரிந்தது. இன்னும் அதிகமாகச் சாதகம் செய்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார். நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் வலியோடு வாசித்தார். விளைவு விபரீதமானது. மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன, நீட்ட முடியவில்லை. 1965 வசந்தத்தில் செல்லுடனும் கிளீவ்லண்ட் குழுவுடனும் சோவியத் யூனியன் செல்ல ஏற்பாடாகியிருந்தது. அந்தப் பயணம் அவர் இல்லாமல் நடந்தது. அப்போது அவருக்கு வயது 36.

★ நோய் கையில் இல்லை, மூளையில்
அவருக்கு வந்தது 'ஃபோக்கல் டிஸ்டோனியா'. எலும்பும் தசையும் நன்றாக இருக்கும். அவற்றுக்கு மூளை அனுப்பும் கட்டளைதான் குழம்பிவிடும். ஒரே நுண்ணிய அசைவை ஆயிரக்கணக்கான மணி நேரம் திரும்பத் திரும்பச் செய்பவர்களைத் தாக்கும். டீ கோப்பையைப் பிடிக்கும் கை, பியானோவில் வைத்த கணமே சுருண்டுகொள்ளும். தொழில்முறை இசைக் கலைஞர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இது வருவதாக மருத்துவர்கள் மதிப்பிடுகிறார்கள். 1960களில் இந்த நோயை அடையாளம் காணவே பெரும்பாலான மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. அவருக்குச் சரியான பெயர் கிடைக்கவே பல்லாண்டுகள் ஆயின.

★ இருண்ட நாட்கள்
மருந்து, ஊசி, அக்குபங்சர், ஹிப்னாடிசம் என்று சொன்ன வைத்தியம் எல்லாம் செய்து பார்த்தார். எதுவும் பலிக்கவில்லை. தாடியும் நீண்ட முடியும் வளர்த்தார். வெஸ்பா ஸ்கூட்டரில் சுற்றினார். உயிரை விட்டுவிடலாமா என்றும் யோசித்ததாகப் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு ஆண்டுகள் தவித்த பிறகு ஒரு தெளிவு வந்தது: தன் பற்று இரண்டு கையால் வாசிப்பதன் மீது அல்ல, இசையின் மீது. அன்றிலிருந்து மூன்று பாதைகள் திறந்தன. இடக்கையால் வாசிப்பது, இசைக்குழுவை நடத்துவது, கற்பிப்பது.

★ வாசித்துக் காட்ட முடியாத ஆசிரியர்
அதுவரை மாணவர் தடுமாறினால் அவரை நகரச் சொல்லிவிட்டுத் தானே வாசித்துக் காட்டுவார். இனி அது முடியாது. தனக்கு வேண்டிய ஒலி என்ன, அந்த வரி எங்கே மூச்சு விடுகிறது, எந்த ஸ்வரத்தை நோக்கி நகர்கிறது என்பதையெல்லாம் சொல்லால் விளக்கியாக வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு உருப்படியையும் முன்னைவிட ஆழமாக ஆராய்ந்தார். கை போன பிறகுதான் தான் நல்ல ஆசிரியர் ஆனதாக அவரே சொன்னார். ஆசிரியரைப் பார்த்து அப்படியே நகல் எடுக்கும் வழியும் மாணவர்களுக்கு அடைபட்டது. அவர்கள் யோசித்து வாசிக்கக் கற்றார்கள்.

★ முதலில் மனதில் கேள், பிறகு தொடு
மாணவர்களுக்கு அவர் அழுத்திச் சொன்ன பாடம் இது. கட்டையைத் தொடும் முன்பே அந்த ஒலி மனதில் கேட்டிருக்க வேண்டும். விரல்கள் போகும் போக்கில் போய்விட்டுப் பிறகு கேட்பது வாசிப்பாகாது. இன்னொன்று, தாளம். காலக்கணக்கு தளர்ந்தால் இசையின் முதுகெலும்பே தளரும் என்பது அவர் உறுதி.

★ போர் தந்த சங்கீதம்
ஒரு கைக்கு வாசிக்க உருப்படிகள் எங்கே? அந்தச் செல்வத்தின் பெரும்பகுதி இன்னொருவரின் துயரத்தில் பிறந்தது. வியன்னாவின் பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைன் (தத்துவ மேதை லுட்விக்கின் அண்ணன்) முதல் உலகப் போரில் 1914இல் வலக்கையை இழந்தார். செல்வக் குடும்பம் என்பதால் ராவெல், புரொகோஃபீவ், பிரிட்டன், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் எனப் பெரிய இசையமைப்பாளர்களிடம் பணம் கொடுத்து இடக்கைக்கான படைப்புகளை எழுதி வாங்கினார். அரை நூற்றாண்டு கழித்து அவற்றில் பல ஃப்ளைஷருக்கு வாழ்வு தந்தன.

★ ஐந்து விரலில் ஒரு கடல்
1932 ஜனவரியில் வியன்னாவில் முதன்முதலாக ஒலித்தது ராவெலின் இடக்கை கான்செர்ட்டோ. இருபது நிமிடத்துக்கும் குறைவு. ஆனால் கண்ணை மூடிக் கேட்டால் இரண்டு கை வாசிப்பதாகவே தோன்றும். ரகசியம் காலால் மிதிக்கும் பெடலில் இருக்கிறது. அடி ஸ்வரத்தைத் தட்டிப் பெடலால் நிறுத்திவைத்து, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கை மேலே தாவும். இடக்கையின் கட்டைவிரல் மேல் ஸ்வரங்களின் பக்கம் இருப்பதால், விரல்களிலேயே பலமான அதுவே மெட்டைப் பாடும். ஃப்ளைஷர் இதை உலகெங்கும் வாசித்தார். செய்ஜி ஓசாவா நடத்திய பாஸ்டன் சிம்பொனியுடன் பதிவும் செய்தார்.

★ கிளாராவுக்கு வந்த பரிசு
இடக்கை உருப்படிகளில் இன்னொரு முத்து 'சக்கோன்'. பாக் அதை எழுதியது தனி வயலினுக்காக. 1877இல் பிராம்ஸ் அதை இடக்கைப் பியானோவுக்கு மாற்றித் தன் தோழி கிளாரா ஷூமானுக்கு அனுப்பினார். ஒரே ஒரு வயலினுக்குள் பாக் அடைத்த உலகத்தை உணர ஒரு கையால் வாசிப்பதே பொருத்தம் என்பது பிராம்ஸின் எண்ணம். ஃப்ளைஷரின் கச்சேரிகளில் இது நிரந்தர இடம் பிடித்தது.

★ கோல் பிடித்த கை
1970 முதல் 1982 வரை அனாபொலிஸ் சிம்பொனிக்கு இசை நடத்துநர். இடையில் பால்டிமோர் சிம்பொனியிலும் நடத்துநர் பொறுப்பு. அமெரிக்காவின் புகழ்பெற்ற கோடைக்கால இசைப் பள்ளியான டாங்கிள்வுட்டுக்கு 1986 முதல் 1997 வரை கலை இயக்குநர். உலகின் நாலா பக்கமிருந்தும் வந்த இளைஞர்கள் அங்கே அவரிடம் பயின்றார்கள்.

★ தனித்தனியாகவும் சேர்த்தும்
இதே போல வலக்கை பாதிக்கப்பட்ட இன்னொரு அமெரிக்க மேதை கேரி கிராஃப்மன். லாங் லாங், யூஜா வாங் ஆகியோரின் ஆசிரியர். இருவருக்காகவும் இசையமைப்பாளர் வில்லியம் போல்கம் எழுதிய 'கையா' 1996இல் பால்டிமோரில் அரங்கேறியது. அதன் அமைப்பே அபூர்வம். ஒருவர் வாசித்தால் ஒரு கான்செர்ட்டோ. மற்றவர் வாசித்தால் வேறொன்று. இருவரும் ஒரே நேரத்தில் வாசித்தால் இரண்டும் பொருந்தி மூன்றாவது கான்செர்ட்டோ.

★ மனம் நிறையாத மறுவருகை
1982இல் பால்டிமோரின் புதிய மேயர்ஹாஃப் அரங்கத் திறப்பு விழாவில் இரண்டு கைகளாலும் வாசித்தார். உருப்படி சீசர் ஃபிராங்கின் 'சிம்பொனிக் வேரியேஷன்ஸ்'. அரங்கம் எழுந்து நின்று ஆரவாரித்தது. அவருக்கோ கை குணமாகவில்லை என்று தெரியும். கைதட்டலை நம்பி ஏமாறாமல் மீண்டும் இடக்கைக்கே திரும்பினார்.

★ நஞ்சே மருந்தானது
1990களின் நடுவில் போடாக்ஸ் ஊசி கைகொடுத்தது. ஒரு நஞ்சிலிருந்து செய்யப்படும், முகச் சுருக்கத்துக்குப் போடுவதாக நாம் கேள்விப்படும் அதே மருந்துதான். அளவுக்கு மேல் இறுகும் தசையை அது தளர்த்தும். மடங்கிய விரல் மெல்ல நீளும். கூடவே தசைகளை ஆழமாக நீவிவிடும் 'ரோல்ஃபிங்' சிகிச்சையும் உதவியது. இது முழுக் குணம் அல்ல. சில மாதங்களில் ஊசியின் பலன் வடியும். மறுபடி போட வேண்டும். அதைக்கொண்டே, கை முடங்கி 30 ஆண்டுகளுக்குப் பின், இரண்டு கைகளோடும் மீண்டும் மேடைக்கு வந்தார்.

★ 81 ஆண்டு காத்திருந்த படைப்பு
1923இல் இசையமைப்பாளர் ஹிண்டெமித் எழுதிக் கொடுத்த இடக்கைப் படைப்பு விட்கென்ஸ்டைனுக்குப் பிடிக்கவில்லை. வாசிக்கவும் இல்லை, வெளியே விடவும் இல்லை. அவர் மனைவி காலமான பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருந்த வீட்டில் அதன் பிரதி கிடைத்தது. 2004 டிசம்பரில், சைமன் ரேட்டில் நடத்திய பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குடன் உலகிலேயே முதன்முறையாக அதை வாசித்தவர் ஃப்ளைஷர். அப்போது அவருக்கு 76 வயது.

★ 'டூ ஹாண்ட்ஸ்'
அதே 2004இல் வெளியான இசைத்தொகுப்பின் பெயர் இது. இரண்டு கைகளாலும் தனியாக வாசித்து அவர் வெளியிட்ட பதிவு நாற்பது ஆண்டுகளில் அதுவே முதல். பாக், ஷோபன், டெபுஸ்ஸி, முடிவில் ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா. இதே பெயரில் அவரைப் பற்றி எடுக்கப்பட்ட குறும்படம் ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. 2007இல் அமெரிக்காவின் உயரிய கலை விருதான கென்னடி சென்டர் விருது அவரைத் தேடி வந்தது.

★ கிளை விட்ட ஆலமரம்
ஆண்ட்ரே வாட்ஸ், யெஃபிம் பிரான்ஃப்மன், லூயி லோர்ட்டி, ஜோனதன் பிஸ் என உலக மேடைகளில் பெயர் பெற்ற பலர் அவரிடம் பயின்றவர்கள். ஒருவர் வாசிப்பு இன்னொருவர் வாசிப்பைப் போல இருக்காது. அதுவே அவர் பாடாந்தரத்தின் வெற்றி. பீத்தோவன் சொனாட்டாக்களை முழுமையாகப் பதிவு செய்த ஜோனதன் பிஸ், அவற்றைப் பற்றி இணையத்தில் எல்லோருக்கும் பாடமும் நடத்தினார்.

★ 92 வயது வரை வகுப்பு
2020 ஆகஸ்ட் 2 அன்று பால்டிமோரில் காலமானார். இறக்கும் வரை கற்பிப்பதை அவர் நிறுத்தவே இல்லை. இரண்டு கைகளோடு உச்சத்தில் இருந்த காலம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள்தான். ஆசிரியராக இருந்ததோ அறுபது ஆண்டுகளுக்கு மேல். அவர் வாழ்க்கையின் பெரிய கச்சேரி வகுப்பறையில்தான் நடந்தது.

★ வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்
ஃப்ளைஷர் தன் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன எச்சரிக்கை: வலித்தால் நிறுத்துங்கள். வலியை மிதித்துக்கொண்டு சாதகம் செய்ததுதான் தனக்கு வினையானது என்று அவர் நம்பினார். உங்கள் வீட்டில் கீபோர்டோ வீணையோ வயலினோ மிருதங்கமோ கற்கும் பிள்ளை இருந்தால், கை வலிக்கிறது என்று சொல்லும்போது சோம்பல் என்று எண்ணி அதட்டாதீர்கள். அன்றைக்கு ஓய்வு கொடுங்கள். வலி நீடித்தாலோ, விரல் சொன்ன பேச்சைக் கேட்காவிட்டாலோ நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். வாசிக்காத அந்த நாட்களில் நல்ல இசையைக் கேட்க வையுங்கள். கேட்பதும் சாதகம்தான்.